கே பிளாக்கில் ஃபேன் ஓடாத நாட்கள்

நோய்ப்பட்ட மீன்கள் தண்ணீரை விட்டுக் காற்றில் ஏறியது சித்திரை மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத் தண்ணீர் லாரியும் வராததால் கே பிளாக்கின் எட்டு மாடியிலும் ஜனங்கள் லாரியைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். மீன்களைப் பற்றிய பேச்சு மத்தியானச் சோறு முடிந்த பிறகுதான் வந்தது.

மீன்கள் ஆறாம் மாடி தேசம்மாவுடையவை. தேசம்மா அரசு ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக வார்டு ஆயா. அவள் புருஷன் எத்திராஜ் சிமென்ட் கிடங்கில் இருபத்தாறு வருஷம் மூட்டை சுமந்தவன்; அவன் சுமந்ததில் ஒரு பங்கு முதுகை விட்டு இறங்காமல் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, நாலடி நடந்தால் நாற்பது மூச்சு வாங்க வைத்தது. கூவத்தின் கரையில் இருந்த வீடுகளை இடித்து, அங்கிருந்தவர்களைச் சட்டி பானையோடு ஏற்றிக்கொண்டு வந்து, ஊருக்கு வெளியே சதுப்பில் மண் கொட்டி எழுப்பிய இந்தக் கட்டடங்களில் வீட்டுக்கொரு சாவி கொடுத்து இறக்கிவிட்ட அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு பேர் எத்திராஜைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஆறு மாடி ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் லிஃப்ட் வேலை செய்யவில்லை, அவனும் இறங்கவில்லை.

கரையில் இருந்தவரை வாசலில் உட்கார்ந்து பாலத்து மேல் போகிற பஸ்ஸையும் பாலத்துக்குக் கீழே போகிற பன்றியையும் பார்த்தே பொழுதைக் கழித்தவன் அவன். இங்கே கட்டிலுக்கு எதிரே சுவர் இருந்தது, ஜன்னலுக்கு எதிரே எல் பிளாக்கின் சுவர் இருந்தது.

"செவுத்தயே எத்தினி நாளிக்கிமே பாக்கறது?" என்று ஒருநாள் கேட்டான்.

அடுத்த வாரமே தேசம்மா பஸ் நிற்கும் இடத்தில் இருந்த பாஷா பாயின் வண்ணமீன் கடைக்குப் போய், இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, ஒரு பை கூழாங்கல், காற்று மோட்டார், நாலு தங்கமீன், மூன்று கறுப்பு மோலி எல்லாம் வாங்கி, அண்டை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மேலே ஏற்றி, அவன் கால்மாட்டில் வைத்தாள். எத்திராஜ் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தான். சோற்றைக்கூட தொட்டியைப் பார்த்தபடிதான் விழுங்கினான்.

ஐந்தாம் நாள் தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியது. ஏழாம் நாள் தங்கமீன்களின் துடுப்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மோலிகள் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்தன. ஏழும் மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டி மூச்சு வாங்கின. வார்டில் அழுக்கு என்றால் கழுவித் தள்ளுவதுதான் தேசம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம். மீன்களைக் குண்டானில் விட்டு, தொட்டியையும் கல்லையும் தேய்த்துக் கழுவி, மொத்தத் தண்ணீரையும் மாற்றினாள். மறுநாள் அவை இன்னும் மோசமாகக் கிடந்தன.

பாஷா பாய் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ அக்கா! புதுத் தொட்டி, புதுத் தண்ணி. பத்து நாள் சும்மா ஓட வுட்டு அப்பறம் மீன் வுடுங்கன்னு சொன்னேன்ல? மீனு கழியறதெல்லாம் அந்தத் தண்ணியிலயேதான் நிக்கிது, அதுவே அதுங்களுக்கு விஷம். அத திங்கிற கிருமி ஒண்ணு கல்லு இடுக்குல ஊறணும். ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆவும். நீங்க அத போய் சோப்பு போட்டுக் கழுவிட்டீங்க."

"இப்ப இன்னா பண்றது பாய்?"

"தினம் நாலுல ஒரு பங்கு தண்ணி மட்டும் மாத்துங்க. லாரித் தண்ணிய ஒருநாள் தெறந்து வெச்சிட்டு ஊத்துங்க. கல்லுப்பு போடுங்க. தீனி கொறைங்க. தண்ணி பழகற வரைக்கும் அதுங்க தாங்கணும், அவ்ளோதான்."

தேசம்மா காலண்டர் தாளின் முதுகில் கோடு போட்டு, வார்டில் கட்டிலுக்குத் தொங்கவிடுவது போல ஒரு அட்டை எழுதித் தொட்டியில் ஒட்டினாள். ஒன்று முதல் ஏழு வரை எண். எதிரே புள்ளி எத்தனை, மூச்சு எப்படி, தீனி தின்றதா. அவள் வேலைக்குப் போன நேரத்தில் எத்திராஜ் அதைப் பார்த்துக்கொண்டான். "மூணாம் நம்பரு சரியில்ல மே, என்ன மாதிரியே இழுக்குது" என்பான்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. அவளுக்கு வார விடுப்பு. காலை பத்து மணிக்கு மூன்றாம் எண் கறுப்பு மோலி வாயை நீட்டியது, தலையை நீட்டியது, செவுளை நீட்டியது, பிறகு வாலையும் உருவிக்கொண்டு மேலே போயிற்று. ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குப் போவது போலத்தான் போயிற்று. அதன் பின்னால் மற்ற ஆறும் போயின. ஒன்றிரண்டு சொட்டு தரையில் விழுந்தது.

"ஃபேன நிறுத்து," என்றான் எத்திராஜ்.

அவள் நிறுத்தினாள். இறக்கைகள் மெதுவாகி நிற்கும்வரை இருவரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீன்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. திறந்த கதவு வழியாக நடைக்கூடத்துக்குப் போயின, நடைக்கூடத்திலிருந்து வீடுகளுக்குப் போயின, படிக்கட்டில் சுழன்று ஐந்தாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இறங்கின, சாயங்காலமானால் பாதி திரும்பி வந்து எத்திராஜின் கட்டிலைச் சுற்றி நின்றன. காற்றில் அவற்றுக்கு எரிச்சல் குறைந்தது போலத்தான் இருந்தது. உடம்பைத் தேய்க்கவில்லை, ஆனால் புள்ளிகள் அப்படியே இருந்தன.

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் ஏசுபாதம், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாடி மாடியாக ஏறிவந்து பார்த்துவிட்டு, இறங்கும்போதே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு இறங்கினார். யாரும் ஃபேன் போடக்கூடாது. கொசுவர்த்தி கூடாது. தாளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பூனை வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாளைக்கு வேறு பிளாக்கில் விட வேண்டும். "நோயாளிங்க நடமாடற எடம், அவ்ளோதான்" என்றார்.

அதுவரை கே பிளாக்கில் அண்டை வீட்டைத் தாண்டி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நாலு கரையிலிருந்து நாலு விதமாகப் பிடுங்கப்பட்டு வந்தவர்கள். குழாய்ச் சண்டையில் மட்டும் பேர் தெரிந்துகொண்டவர்கள். இப்போது மீன் வந்து போவதற்காகக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள், திறந்த கதவுக்குள் மனிதர்களும் தெரிந்தார்கள். துணி தேய்ப்பவர் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் உப்புத்தண்ணீர் நிரப்பி, மீன் எதிரே வந்தால் ஒரு பீய்ச்சு பீய்ச்சினார். மூன்றாம் மாடியில் பரீட்சை எழுதிய பெண்ணின் புத்தகத்துக்கு மேல் ஒரு தங்கமீன் மூன்று நாள் நின்றது. அவள் பக்கத்தைப் புரட்டும்போது மெதுவாகப் புரட்டினாள். சர்ச்சிலிருந்து ஒருவர் வந்து ஜெபம் செய்தார். அம்மன் கோயிலிலிருந்து ஒருவர் வந்து எலுமிச்சம்பழம் வைத்தார். மீன்கள் இருவருக்கும் ஒரே மாதிரி வாயைத் திறந்து மூடின.

தேசம்மா மட்டும் தொட்டியை விடவில்லை. மீன் இல்லாத தொட்டியில் மோட்டாரை ஓடவிட்டு, தினமும் நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, பாயிடம் மறுபடி கேட்டு, அவர் சொன்னபடி ஒரு சிட்டிகை தீனியைக் கல் இடுக்கில் அழுகவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிக்கும் சோறு போட்டாள். தண்ணீர் பழகினால் அவை இறங்கிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. கத்திரி பிறந்தது. கே பிளாக்கின் சுவர்கள் பகலில் குடித்த வெக்கையை விடிய விடியக் கக்கின. குழந்தைகளுக்கு வேர்க்குரு கொப்பளித்தது, கிழவர்கள் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தார்கள். எத்திராஜுக்கு வெயிலைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. மூச்சு வாங்குகிறவனுக்கு முகத்தில் காற்று படவேண்டும். காற்று முகத்தில் பட்டால் நெஞ்சு கொஞ்சம் ஏமாந்துபோய் இளகும். வார்டில் எத்தனையோ பேரை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டவளுக்கு அது தெரியாதா?

"யோவ், நான் போடப் போறேன்," என்றாள் எட்டாம் நாள்.

"போடாத."

"உன் ஒதடு நீலம் பூத்துகீது. அதுங்க வெறும் மீனுய்யா."

அவனுக்கு ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"மூச்சு முட்டித்தான... வெளிய வந்துகீதுங்க. எனுக்குக் காத்து வேணும்னு... அதுங்கள வெட்டுவியா?"

அவள் சுவிட்ச் பக்கம் போன கையைக் கீழே போட்டாள். அன்றிலிருந்து பனைமட்டை விசிறியை எடுத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்வரை விசிறினாள், வந்ததும் புடவைகூட மாற்றாமல் விசிறினாள்.

பத்தாம் நாள் நாலாம் மாடியில் ஒருவர், இரட்டை ஷிப்ட் முடித்து வந்த அசதியில், பழக்கத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டார். ஒரு தங்கமீன், இரண்டாம் எண், சுவரில் இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தது. அவர் அதைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஆறாம் மாடிக்கு ஏறி வந்து, நீட்டவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதுக்காரர், குழந்தை போலத் தேம்பினார். மறுநாள் ஏசுபாதம் எல்லா வீட்டிலும் ஃபேன் சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். எல்லாரும் ஒட்டினார்கள்.

எத்திராஜுக்கு விசிறுவதற்கு முறை போட்டதும் அந்த வாரம்தான். ஏசுபாதம் ஆறாம் மாடிச் சுவரில் சாக்பீஸால் இருபத்தொரு பேர் எழுதினார், ஆளுக்கு ஒரு மணி நேரம். அதுவரை எத்திராஜின் முகத்தையே பார்த்திராத பெண்கள் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்கள். விசிறும்போது தங்கள் கரையைப் பற்றி, இடித்த வீட்டைப் பற்றி, தள்ளிப்போய்விட்ட பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார்கள். அவன் கேட்டான். மீன்களும் தலைக்கு மேல் நின்று கேட்பது போலவே இருந்தன. தேசம்மா வேலையிலிருந்து வரும்போது படிக்கட்டிலேயே அந்தப் பேச்சுச் சத்தம் கேட்கும். கேட்டால்தான் அவளுக்கு மேலே ஏறக் கால் வரும்.

ஆனால் கை வலிக்கும். வேலை இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மூன்றாம் வாரத்தில் சுவரில் இருபத்தொரு பேர் பதினொன்றாயிற்று, பிறகு நாலாயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது. பகலில் பன்னிரண்டு முதல் நாலு வரை எதிர்வீட்டு அமுலு ஒருத்திதான் மிஞ்சினாள்; கைக்குழந்தைக்காரி, புருஷன் ஆந்திராவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் விசிறினாள், குழந்தைக்கும் எத்திராஜுக்கும் ஒரே விசிறி.

இருபத்தேழாம் நாள். லாரி வந்து நாலு நாளாகியிருந்தது. தேசம்மா ஐந்து மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பிளாக்கின் வாசலில் ஈரம் கிடந்தது, பெண்கள் குடங்களோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஏறினாள். ஆறாம் மாடியில் பேச்சுச் சத்தம் இல்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தாள், ஏனென்றால் தொட்டி நிறைந்திருந்தது. மூன்று தங்கமீனும் மூன்று மோலியும் தண்ணீருக்குள் இருந்தன. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. துடுப்புகளில் ஒரு புள்ளிகூட இல்லை. அவளைக் கண்டதும் ஆறும் தீனிக்கு முன்னால் வந்தன.

"யோவ், பாருய்யா, எறங்கிடுச்சிங்க!" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

எத்திராஜ் சுவரில் சாய்ந்தபடி தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. பதினெட்டு வருஷ ஆயாவுக்குத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தொட்டாள். விசிறி அவன் கைக்கு எட்டாத தூரத்தில், நாற்காலியின்மேல் இருந்தது. தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் தொங்கியது, சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டியபடியே இருந்தது. ஒரு ஓரம் மட்டும் வெக்கையில் சுருண்டிருந்தது.

மறுநாள் எடுத்தார்கள். அவ்வளவு கூட்டம் அந்தக் குடியிருப்பில் அதுவரை எந்தச் சாவுக்கும் வந்ததில்லை என்றார்கள். மீன்கள் இறங்கிவிட்டன என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு வீட்டிலும் யாரும் பிளாஸ்திரியைப் பிய்க்கவில்லை. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஒரு வீட்டிலும் ஃபேன் ஓடவில்லை. வேர்வை வழியப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைப் பேசினார்கள்: மீன்கள் எத்தனை மணிக்கு இறங்கின, எத்திராஜ் எத்தனை மணிக்குப் போனான். மீன் முதலில் இறங்கியிருந்தால் அப்போதே ஃபேனைப் போட்டிருக்கலாமே. அமுலு தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் அவள் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்தது: அன்றைக்கு மத்தியானம் கரன்ட் இல்லை.

இருந்ததா, இல்லையா? பிளாக்கில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஃபேன் ஓடாத வீட்டில் கரன்ட் போனால் எப்படித் தெரியும்? பகலில் விளக்கு எரியாது. டிவி பார்க்கிறவர்களும் ஃப்ரிட்ஜ் வைத்திருந்த மூன்று வீட்டாரும் இரண்டிலிருந்து ஐந்து வரை கீழே லாரியிடமும் படிக்கட்டிலும்தான் நின்றார்கள். ஒருவர் இருந்தது என்றார், ஒருவர் இல்லை என்றார். குழாய்ச் சண்டை மறுபடி தொடங்கும் போலிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை அமுலு வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள்.

"உள்ள வாயேன், இன்னாத்துக்கு நிக்கற," என்றாள் தேசம்மா.

அமுலு தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் இறக்கினாள். பிறகு ஒரேயடியாகப் பேசினாள்.

"யக்கா, நான் இங்கதான் குந்திகினு இருந்தேங்க்கா. விசிறிகினே இருந்தேன். ரெண்டு மணிக்கு மீனுங்க ஒண்ணொண்ணா வந்து எறங்கிச்சி. அண்ணனுக்கு அவ்ளோ சந்தோசம், கையத் தூக்கித் தூக்கிக் காட்டுச்சி. அப்பதான் லாரி ஆரன் அடிச்சான். நாலு நாளு கழிச்சி வந்துகீறான், நான் இன்னா பண்ணுவேன்? உன் தொட்டிக்கும் ரெண்டு கொடம் புடிக்கணும்னு நீ சொல்லியிருந்த. அண்ணன் போ போன்னுச்சி. நான் சுவிட்ச போட்டேங்க்கா. எம்புள்ள மேல சத்தியமா போட்டேன். ஃபேனு சுத்தல. கரன்ட் இல்ல. ஒரு நிமிசத்துல வந்துரும்னு வுட்டுட்டுப் போயிட்டேன். வரிசையில நின்னு கொடத்த ஏத்திகினு மேல வர்றதுக்குள்ள நீயே வந்துட்ட."

"சரி."

"திரும்பித் திரும்பிப் பாத்துகினேதான் போனேங்க்கா. அண்ணன் நல்லாத்தான் இருந்துச்சி. மோட்டாரு குமிழி குமிழியா வுட்டுகினு இருந்துச்சி, மீனுங்க அதுக்குள்ள பூந்து பூந்து வெளயாடிச்சிங்க, அண்ணன் அதயே பாத்துகினு..."

அவள் அழத் தொடங்கினாள். தேசம்மா தொட்டியைப் பார்த்தாள். காற்று மோட்டார் கரன்ட்டில் ஓடுவது. கரன்ட் போனால் முதலில் நிற்பது அந்தக் குமிழிதான்; இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ முறை அது நின்றதையும் திரும்ப வந்ததையும் அவளும் எத்திராஜும் பார்த்திருக்கிறார்கள். அமுலு சொல்லிக்கொண்டு போனதில் அமுலுவுக்கே அது தெரியவில்லை.

தேசம்மாவுக்கு எழுந்து இவள் தலைமயிரைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போய் எட்டு மாடிக்கும் கேட்கும்படி கத்த வேண்டும் என்று கை துடித்தது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. பிளாஸ்திரியைப் பிய்க்க ஒரு நொடி ஆகுமா? அவள் உட்கார்ந்தே இருந்தாள். வார்டில் பார்த்திருக்கிறாள்: கடைசி நேரத்தில் டீ குடிக்கப் போனவர்கள், ஒரு நிமிஷம் கண் அசந்தவர்கள், நான் பக்கத்திலேயேதான் இருந்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள். நாள் தவறாமல் நாலு மணி நேரம் தன் புருஷனுக்கு விசிறிய கை இவளுடையது. உள்ளங்கையில் விசிறிக் காம்பு வைத்த காய்ப்பு இருந்தது. வைத்த கண் வாங்காமல் தேசம்மா அந்தக் காய்ப்பைப் பார்த்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏசுபாதம், அவருக்குப் பின்னால் நாலைந்து பேர்.

"தேசம்மா, தப்பா நெனச்சிக்காத. கீழ ஒரே ரகளையா கீது. ஆளுக்கொண்ணு பேசறாங்க. இந்தப் பொண்ணையும் உட்டு வெக்க மாட்டேங்கறாங்க. உனக்கு எதுனா தெரியுமா? அன்னிக்கு கரன்ட் இருந்துச்சா?"

அமுலு அழுகையை நிறுத்திவிட்டாள்.

"இல்ல," என்றாள் தேசம்மா. "நான் வந்து பாத்தப்போ மோட்டாரே நின்னு கெடந்துச்சி. ரொம்ப நேரமா கரன்ட் இல்ல."

ஏசுபாதம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் சரி என்பது போல எல்லாரையும் பார்த்தார். அவர்கள் இறங்கிப் போனார்கள். மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டே போவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்ற ஆரம்பித்தது, பிறகு நாலாம் மாடியில், பிறகு எங்கெங்கோ. முப்பத்தாறு நாள் தூசியை உதறிக்கொண்டு கே பிளாக் மூச்சுவிட்டது.

அமுலு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழிகள் மேலே வந்து வந்து உடைந்தன. அவள் அவற்றையே பார்த்தாள், மோட்டாரின் வயர் சுவருக்குப் போகிற இடத்தைப் பார்த்தாள், அப்புறம் தேசம்மாவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று.

"புள்ளைக்கு வேக்குது பாரு," என்றாள் தேசம்மா. "எந்திரிச்சி ஃபேன போடு."

அமுலு எழுந்தாள். சுவரிடம் போய் பிளாஸ்திரியை முழுசாக உரித்தாள். சுவிட்சின்மேல் விரலை வைத்தாள். வைத்த விரல் அப்படியே நின்றது, அழுத்தவில்லை. குழந்தை அவள் தோளில் சிணுங்கியது. தேசம்மா தரையில் கையூன்றி மெதுவாக எழுந்து, அவள் பக்கத்தில் போய் நின்று, அந்த விரலின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.